சென்னையிலிருந்து டொராண்டோ: எத்தனை கிலோமீட்டர், உண்மையில் எத்தனை மணி நேரம்?

அக்காவுக்குப் பிரசவ நேரம் என்று அம்மா முதல் தடவையாக டொராண்டோ கிளம்பியபோது எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு நேரம் ஆகும்?" நான் ஒரு தளத்தில் இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடினேன். சுமார் 13,400 கிலோமீட்டர், 15 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் என்று வந்தது. அதை அப்படியே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவும் அந்தக் கணக்குக்கு ஏற்றபடி ஒரு வேளைக்கு மட்டும் பிரஷர் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மீதியைப் பெட்டியில் போட்டுச் செக்-இன் செய்துவிட்டார். வீட்டுப் படி இறங்கியதிலிருந்து டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் அக்கா வீட்டு வாசலை மிதிக்கும் வரை 29 மணி நேரம் ஆகிவிட்டது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த நெடுந்தூரப் பயணத்துக்கும் நேரத்தை நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். அந்தக் கணக்கை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணம் சென்னை - டொராண்டோதான், ஆனால் எந்த இரண்டு ஊருக்கும் இதே முறை பொருந்தும்.

படி 1: தூரத்தைச் சரியாக எடுங்கள்

சுவரில் மாட்டும் தட்டையான உலகப்படத்தைப் பார்த்துத் தூரம் யோசிக்காதீர்கள். அதில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நடுவே கோடு போட்டால் அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். உண்மையில் குறுகிய வழி அது இல்லை. வீட்டில் பிள்ளைகள் வைத்திருக்கும் உருண்டை குளோப் இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனையையும் டொராண்டோவில் மறு முனையையும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், நூல் நேராக வடக்கே ஏறிவிடும். தெலங்கானா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், வடக்குப் பாகிஸ்தான், அப்புறம் தஜிகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதி, நார்வேயின் வட முனை, கிரீன்லாந்து, கியூபெக் என்று சுற்றி டொராண்டோவில் வந்து இறங்கும். அதன் உச்சி ஏறத்தாழ 73.6 டிகிரி வடக்கு, அதாவது ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே. மீனம்பாக்கத்திலிருந்து மேற்கே இருக்கும் ஊருக்குப் போக, விமானம் கிட்டத்தட்ட வடக்கு நோக்கிக் கிளம்ப வேண்டும் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

கணக்காகவே போட விரும்புகிறவர்களுக்கு: சென்னை விமான நிலையம் 12.99 டிகிரி வடக்கு, 80.17 டிகிரி கிழக்கு. டொராண்டோவின் பியர்சன் விமான நிலையம் 43.68 டிகிரி வடக்கு, 79.63 டிகிரி மேற்கு. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும், 159.8 டிகிரி வரும். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களோடு 159.8-இன் கோசைனையும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் -0.506 வரும், அதற்குரிய கோணம் 120.4 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 13,390 கிலோமீட்டர். சைன், கோசைன் எல்லாம் வேண்டாம் என்றால் கூகுள் எர்த்தில் அளவுகோலை எடுத்து இரண்டு விமான நிலையங்களைத் தொட்டாலே போதும், கிட்டத்தட்ட இதே எண் வரும்.

சில தளங்கள் மைலில் காட்டும், அதிலும் கடல் மைலா, தரை மைலா என்று பாருங்கள். கடல் மைல் 1.852 கிலோமீட்டர், தரை மைல் 1.609. விமானத் துறையில் பேசுவது கடல் மைல்தான்.

படி 2: அந்தத் தூரத்தை வானத்தில் இருக்கும் நேரமாக மாற்றுங்கள்

777, 787, ஏ350 போன்ற பெரிய விமானங்கள் உயரத்துக்குப் போனபின் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறக்கும். ஆனால் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகத்தான், ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் உண்டு, வழியும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்காது. அதனால் என் கணக்கு இது: தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். சென்னை - துபாய் 2,930 கிலோமீட்டர், வகுத்தால் மூன்றரைக்குப் பக்கம், அரை மணி கூட்டினால் 4 மணி நேரம். உண்மையிலும் அப்படித்தான்.

நீண்ட பயணத்துக்கு இதோடு காற்றையும் சேர்க்க வேண்டும். தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். டொராண்டோ போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும் காற்று. லண்டன் - டொராண்டோ 5,710 கிலோமீட்டர்: போக 8 மணி, வர 7 மணி. துபாய் - டொராண்டோ 11,080 கிலோமீட்டர்: போக 14 மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, வர 13-க்குப் பக்கம். காற்றுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் ஐரோப்பாவைச் சியாரா புயல் தாக்கிய நேரத்தில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கிவிட்டது. வழக்கமாக அந்தப் பயணம் 6 மணி நேரத்தைத் தாண்டும். ஆக, மேற்கே போகும்போது பறக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், கிழக்கே வரும்போது அந்தக் கூடுதல் வேண்டாம்.

படி 3: எந்த ஊரில் மாறுவது என்று முடிவு செய்யுங்கள்

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் இல்லை. ஒரே மூச்சில் பறக்க முடியாத தூரம் என்பதால் அல்ல. சிங்கப்பூர் - நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கும் மேல், அதை 18 மணி நேரத்துக்கும் அதிகமாக ஒரே மூச்சில் பறக்கிறார்கள். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் பெண் விமானிகளே ஓட்டி வந்த முதல் விமானம் வட துருவத்தின் மேல் பறந்து, ஏறத்தாழ 14,000 கிலோமீட்டரைக் கடந்தது. சென்னைக்கு இன்னும் அப்படி ஒன்று வரவில்லை, அவ்வளவுதான். டொராண்டோவில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இது ஒரு குறையாகவே படுகிறது.

சரி, மாறித்தான் ஆக வேண்டும் என்றால் எங்கே? இங்கேதான் தூரக் கணக்கு நமக்கு உதவுகிறது. லண்டன் வழியாகப் போனால் 8,230-உம் 5,710-உம் சேர்ந்து 13,940 கிலோமீட்டர். பிராங்பர்ட் வழியும் ஏறத்தாழ அதே 13,940. துபாய் வழி 14,010. அதாவது நேர்வழியைவிட 550 முதல் 620 கிலோமீட்டர்தான் கூடுதல், பறக்கும் நேரத்தில் முக்கால் மணி கூட இல்லை. துபாய் என்றால் தெற்கே சுற்றிப் போகிறது என்று நினைக்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஹாங்காங் வழியாக, கிழக்குப் பக்கமாகப் போனால் 16,260, இது உண்மையிலேயே சுற்று, நல்ல விலைக்குக் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

டெல்லி வழிதான் ஆச்சரியம். சென்னை - டெல்லி 1,760, டெல்லி - டொராண்டோ 11,640, கூட்டினால் 13,400. நேர்வழியோடு ஒப்பிட்டால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். நூல் ராஜஸ்தான் மேல் போவதால் டெல்லி கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. காகிதத்தில் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் காகிதத்தில் மட்டும்தான், ஏனென்று அடுத்த படியில் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பலாலி - சென்னை விமானம் 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியதால் கொழும்புக்குச் சாலையில் போகாமல் இப்படியும் ஒரு வழி உண்டு. ஆனால் இரண்டு பயணச்சீட்டும் தனித்தனியாக இருந்தால் படி 6-ஐ இரண்டு தடவை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 4: வானம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

நூல் போகும் வழியை மறுபடி பாருங்கள். பாகிஸ்தான் இருக்கிறது, ரஷ்யா இருக்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கனடா ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது, ரஷ்யா கனடா விமானங்களுக்கு மூடியது. பாகிஸ்தானோ 2019-இல் பாலாகோட் தாக்குதலுக்குப் பின் ஜூலை நடுப்பகுதி வரை மூடியிருந்தது, 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து இந்திய விமானங்களுக்கு மறுபடி மூடியது. டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று, சிலவற்றை எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறக்கி ஏற்றினார்கள். அந்த நேரத்தில் 11,640 கிலோமீட்டர் என்ற எண்ணை வைத்து யாராவது 14 மணி நேரம் என்று சொல்லியிருந்தால் பயணிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வளைகுடா வழியும் எப்போதும் அமைதி என்று சொல்ல முடியாது. 2025 ஜூன் 23 அன்று இரவு கத்தார் தன் வானத்தைச் சில மணி நேரம் மூடியபோது தோஹா நோக்கிப் பறந்த விமானங்கள் பாதி வழியில் திசை மாறின.

அதனால் நான் செய்வது இது. பயணச்சீட்டு எடுக்கும் முன் ஃபிளைட்ரேடார்24 மாதிரி ஒரு தளத்தில் நான் பார்க்கும் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரம் அது எந்த வழியில் பறந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பார்ப்பேன். அட்டவணை சொல்வதை விட அந்த ஏழு நாள் வரலாறு நம்பகமானது.

படி 5: பயணச்சீட்டில் உள்ள மணியைப் பிரித்துப் படியுங்கள்

பயணச்சீட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. டொராண்டோ நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள்.

ஒரு கோடைக்கால உதாரணம். சென்னையில் இரவு 9:50 கிளம்பி, 4 மணி 10 நிமிடம் பறந்து, துபாயில் அங்கத்திய நேரம் நள்ளிரவு 12:30-க்கு இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் காத்திருந்து 3:30-க்குக் கிளம்பினால், 14 மணி 10 நிமிடம் பறந்து டொராண்டோவில் காலை 9:40. பயணச்சீட்டில் இரவு 9:50, மறுநாள் காலை 9:40 என்று இருப்பதைப் பார்த்தால் 12 மணி நேரப் பயணம் மாதிரித் தெரியும். மேற்கே போகும்போது நேர வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும்: 11:50-உடன் 9:30 சேர்த்தால் 21 மணி 20 நிமிடம். அதுதான் உண்மை.

திரும்பும்போது கழிக்க வேண்டும். டொராண்டோவில் பகல் 2 மணிக்குக் கிளம்பி, சென்னையில் மறுநாள் மாலை 7:45-க்கு இறங்கினால் பார்வைக்கு 29:45, அதில் 9:30 போனால் 20 மணி 15 நிமிடம்.

ஐரோப்பா வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். அங்கே கடிகாரம் மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். கனடா மாற்றிவிட்டு ஐரோப்பா மாற்றாத அந்த இரண்டு மூன்று வாரங்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வித்தியாசம் 5 மணிக்குப் பதில் 4 மணி ஆகிவிடும், அக்டோபர் முடிவிலும் ஒரு வாரம் அப்படித்தான். மாதங்களுக்கு முன் எடுத்த பயணச்சீட்டு என்றால் காத்திருக்கும் நேரம் மாறியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

படி 6: மாறும் இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டும்

மொத்த நேரத்தை நிர்ணயிப்பது கிலோமீட்டர் அல்ல, இந்தக் காத்திருப்புத்தான். ஒன்றரை மணி நேரக் கனெக்ஷனும் உண்டு, 14 மணி நேரக் கனெக்ஷனும் உண்டு, விலை பார்த்து எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் மாட்டுகிறார்கள். தனியாகப் போகும் இளைஞர் என்றால் 2 மணி நேரம் போதும். வயதானவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் என்றால் நான் 3 மணி நேரத்துக்குக் குறைந்து எடுக்க மாட்டேன். பெரிய விமான நிலையங்களில் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு ரயில், அப்புறம் மறுபடி பாதுகாப்புச் சோதனை, வரிசை என்று ஒரு மணி நேரம் கரைந்துவிடும்.

முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆர் எண்ணில், அதாவது ஒரே முன்பதிவில் இருக்கட்டும். இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு டிசம்பர் மாதம் காசு மிச்சம் என்று சென்னை - டெல்லி தனியாக, டெல்லி - டொராண்டோ தனியாக எடுத்தேன். டெல்லியில் பனிமூட்டம், உள்நாட்டு விமானம் நாலு மணி நேரம் தாமதம், நான் போய்ச் சேர்ந்தபோது அடுத்த விமானத்தின் கவுண்டரை மூடிவிட்டார்கள். இரண்டும் தனித்தனிச் சீட்டு என்பதால் இரண்டு நிறுவனங்களுக்கும் பொறுப்பில்லை, புதிதாக முழு விலை கொடுத்துத்தான் போனேன். ஒரே பிஎன்ஆரில் இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் கடமை, பெட்டியும் டொராண்டோ வரை அவர்கள் பொறுப்பிலேயே போயிருக்கும். வட இந்தியா வழியாக டிசம்பர், ஜனவரியில் காலை நேரக் கனெக்ஷன் எடுக்கிறவர்கள் பனியைக் கணக்கில் வையுங்கள்.

டிரான்சிட் விசா விஷயத்தையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு வழியில் மாறும் நாட்டைப் பொறுத்து விதி வேறுபடும், செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால் சில நாடுகள் விலக்குக் கொடுக்கும், விதியும் அடிக்கடி மாறும். அந்த நாட்டு அரசாங்கத் தளத்தில் நேராகப் பாருங்கள், ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது.

படி 7: வாசலிலிருந்து வாசல்வரை கூட்டுங்கள்

மேலே வந்த 21 மணி 20 நிமிடத்தோடு, விமானம் கிளம்ப 3 மணி நேரம் முன்பு விமான நிலையத்தில் இருப்பதைச் சேருங்கள். வீட்டிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம். சென்னையிலிருந்து பன்னாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்பும், அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது, வண்டிக்கு முன்பே சொல்லிவையுங்கள். பியர்சனில் இறங்கியபின் குடிவரவு வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி. அங்கிருந்து ஸ்கார்பரோ என்றால் 401 நெடுஞ்சாலையில் நெரிசலைப் பொறுத்து முக்கால் மணி முதல் ஒன்றேகால் மணி வரை. நகரின் நடுவே போகிறவர்களுக்கு யூபி எக்ஸ்பிரஸ் ரயிலில் யூனியன் ஸ்டேஷன் 25 நிமிடம். எல்லாம் கூட்டினால் 28 மணி நேரம் வருகிறதா? வீட்டில் கேட்டால் சொல்ல வேண்டிய எண் இதுதான்.

படி 8: அந்த எண்ணுக்கு ஏற்றபடி கைப்பையைக் கட்டுங்கள்

28 மணி நேரம் என்றால் மாத்திரை இரண்டு நாளைக்குக் கைப்பையில் இருக்க வேண்டும், மருந்துச் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல். எந்த வேளை மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் அம்மாக்களின் வழக்கம், அதை மட்டும் பேசி மாற்றுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்புக் கூடுகிறது, எழுந்து நடக்க வசதியாக நடைபாதை ஓர இருக்கையாக எடுங்கள்.

வீல்சேர் வேண்டும் என்றால் குறைந்தது 48 மணி நேரம் முன்பே நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். நடக்க முடிகிறவர் என்றாலும், மூட்டு வலியோடு ஆங்கிலம் தெரியாமல் முதல் தடவை தனியாகப் போகும் ஒருவருக்குத் துபாய் மாதிரி பெரிய நிலையத்தில் கேட் வரை கூட்டிப்போக ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அம்மாவைக் கேட்டால் தெரியும். அதோடு ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு விமான எண்கள், மாறும் ஊர், டொராண்டோ முகவரி, அங்கே கூப்பிட வேண்டிய எண் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும்.

படி 9: அங்கே கூப்பிட வருகிறவருக்கும் கணக்குச் சொல்லுங்கள்

விமானம் இறங்கிவிட்டது என்று செயலியில் பச்சையாகக் காட்டியதும் அக்கா பதறி ஓடி வந்து ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நின்றாள், அதுவும் நிறைமாதத்தில். பியர்சனில் டெர்மினல் 1, டெர்மினல் 3 என்று இரண்டு இருக்கின்றன, எந்த நிறுவனம் எதில் இறங்கும் என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். விமானம் தரை தொட்ட நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டி, அந்த நேரத்துக்கு விமான நிலையம் வந்து சேரச் சொன்னால் சரியாக இருக்கும், வீல்சேரில் வருகிறவர்களை வரிசை தாண்டி முன்னால் கூட்டி வந்துவிடுவதும் உண்டு என்பதால் அவர்களுக்கு முக்கால் மணி. குளிர்காலம் என்றால் ஒரு தடித்த கோட்டைக் காரில் எடுத்து வரச் சொல்லுங்கள், சென்னையில் 30 டிகிரியில் கிளம்பியவர் கதவுக்கு வெளியே மைனஸ் பத்தில் கால் வைக்கப் போகிறார்.